ஊதாப் பெயர்கள்

மேலைக் கடலில் இறங்கத் தொடங்கிய ஞாயிறு, தன்னிடம் எஞ்சியிருந்த பொன்னையெல்லாம் பிரேயசுத் துறைமுகத்தின் சுமைதூக்கிகளுக்கும், வெண்துகள் படிந்து நரைத்த ஆலைப் புகைபோக்கிகளுக்கும், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் கொக்கினியாவின் ஓட்டு வீடுகளுக்கும் உயர்வு தாழ்வு பாராது பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த மாலை. மாளிகைகளில் வாழ்வோர் மறந்துவிட்ட அந்த நேர்மையை வானத்துச் சுடராவது மறவாதிருக்கிறதே என்று எண்ணத் தக்க மாலை. உயிர்ப்புத் திருநாள் கழிந்து சில நாள்களே ஆகியிருந்தமையால், வாயிற்படிகளின் இடுக்குகளில் உடைந்த செம்முட்டை ஓடுகள் மாதுளை முத்துகள்போல் சிதறிக் கிடந்தன. ஆட்டிறைச்சி சுட்ட புகையின் கறை சுவர்களை விட்டு அகலாதிருந்தது. அறிவார்ந்தீர், கடலுக்கு அக்கரையில் எரிந்த ஊர்களிலிருந்து கந்தலும் பாட்டுமாய் ஓடிவந்த மக்கள் குடியேறிய அத்தெருவில், எல்லாக் கதவுகளும் காற்று வாங்கத் திறந்திருக்க, ஒரே ஒரு கதவு மட்டும் சினந்தவள் வாயைப்போல் இறுக மூடிக் கிடந்தது.

அது அனெத்தி நடத்திய குளம்பிக்கடையின் கதவு. அனெத்தி சென்ற பனிக்காலத்தில் இறந்துவிட்டான். கடை நின்ற நிலத்தை அடுக்குமாடி கட்டுபவர் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக மூன்றாம் தளத்தில் ஈரறை வீடொன்றை அவன் மனைவி எவாந்தியாவுக்கு ஒதுக்கியிருந்தார். கட்டில் போட்டால் மேசைக்கு இடமில்லை. மேசை போட்டால் மூச்சுவிட இடமில்லை. இடிப்பவர்கள் நாளை மறுநாள் வருவார்கள். அதற்குள் அவள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். கடையின் பின்சுவரை மறைத்து எலுமிச்சைப் பெட்டிகளில் அடுக்கடுக்காய் நின்ற, கல்லின் எடையும் கண்ணாடியின் நொய்மையும் ஒருங்கே கொண்ட, அந்தப் பழைய இசைத்தட்டுகளைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா? கொடுப்பதென்றால் யாருக்கு? வைப்பதென்றால் எங்கே?

ஆள்வோர் அந்தப் பாட்டுகளைப் போக்கிரிகளின் புலம்பலென்று இகழ்ந்து, காவலரை ஏவி நரம்புக்கருவிகளை முறித்தெறிந்த நாள்களில், துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோள்கள் தங்கள் கூலியிலிருந்து கிள்ளிக் கொடுத்துச் சேர்த்த தட்டுகள் அவை. அக்கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் ஒரு பாட்டைத் தன் பாட்டென்று கேட்டுவிட்டால், அது ஒலித்து ஓயும் வரை கடை நடுவிலுள்ள ஆடுதளம் அவனுடையது. கைகளைக் கழுகின் சிறகுபோல் விரித்து, கண்ணைத் தரையில் பதித்து, அவன் ஒருவனே சுழன்றாடுவான். இடையில் மற்றொருவன் எழுந்தால் கத்தி பேசும். அந்தப் பூசலைத் தவிர்க்க, எந்தத் தட்டு எவனுடையதென்று அதன் நடுவிலுள்ள தாள்வட்டத்திலேயே பெயர் எழுதி வைத்தார்கள். எழுதியவள் எவாந்தியா. அனெத்திக்கு எழுத்து வராது. பெண் நுழையலாகாத கடை அது. ஆகவே அவள் திரைக்குப் பின்னால், கிண்ணங்கள் கழுவும் தொட்டியருகே நின்று, அழியாத ஊதாக் கரிக்கோலின் முனையை நாவில் நனைத்து நனைத்து எழுதுவாள். உதடு நாள்கணக்கில் ஊதாவாய் இருக்கும். திரையிடுக்கில் அதைக் காணும் ஆடவர் கூடிச் சிரிப்பார்கள். தெருவின் பெயர்களையெல்லாம் எழுதிய அந்தக் கைக்குத் தன் பெயரை எழுத ஒரு தட்டேனும் இருந்ததா? இல்லை. திரைக்கு முன்னால் ஆடினால் ஆண்மை. திரைக்குப் பின்னால் கால் தாளமிட்டால் நாணக்கேடு! எந்த நூல் வகுத்த நெறி இது? எவன் போட்ட திரை இது?

தட்டுகளைக் காப்பாற்ற அவள் முயலாமலில்லை. புதிய வீட்டின் அடித்தளத்தில் ஒரு மூலை கேட்டாள். வெப்பமூட்டும் எண்ணெய்க்கலத்துக்கே அங்கே இடம் போதவில்லை என்றார் கட்டுபவர். கோவில் மன்றத்தில் ஓர் அலமாரி வெறுமனே கிடக்கிறதே என்று குருவிடம் கேட்டாள். கஞ்சாப் புகை மணக்கும் பாட்டுகளைத் திருவுருவங்களின் அடியில் வைப்பதா என்று அவர் சிலுவைக் குறியிட்டுக்கொண்டார். கடல்கடந்து மெல்போர்னில் வாழும் மகளோ, தூக்கிப் போட்டுவிட்டு வந்து சேர் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, பிள்ளை அழுவதாகக் கூறி வைத்துவிட்டாள். கொடுத்துவிடலாம் என்று மனம் தளர்ந்த அன்றே, ரொட்டிக்கடை வரிசையில் தெருவே அவளை மறித்தது. அனெத்தி மண்ணுக்குள் போய் ஈரம் காயவில்லை, அதற்குள் ஊரார் பாட்டை விற்கத் துணிந்தாளே என்று முன்னால் நின்றவன் பின்னால் நின்றவனிடம் அவள் காதில் விழும்படி சொன்னான். வைத்துக்கொள் என்பார் இடம் தருவதில்லை. கொடு என்பார் எடுத்துச் செல்வதில்லை. வலைக்குள் சிக்கிய மீனுக்குக்கூடத் துள்ளும் உரிமை உண்டு. அவளுக்கு அதுவும் இல்லாதிருந்தது.

அம்மாலையில்தான் செல்வர் வாழும் கிப்பிசியாவின் பூங்கா மாளிகையிலிருந்து லியாந்திரோ என்னும் வழக்கறிஞர் அத்தட்டுகளை விலைக்கு வாங்க வந்தார். இப்பாட்டு தெருவில் கேட்டால் அவருடைய தந்தையார் பலகணியைச் சாத்துவார். மைந்தரோ அதே பாட்டைக் கண்ணாடிப் பேழையில் பூட்டிவைத்து விருந்தினருக்குக் காட்ட விழைந்தார். இகழ்ச்சி தந்தையுடையது, ஆசை மகனுடையது. பாட்டைப் பெற்றவனின் பசியோ இருவருக்கும் தெரியாது. வெண்ணிறக் கையுறை மாட்டிக்கொண்டு அவர் ஒரு தட்டை உறையிலிருந்து உருவினார், முகம் மலர்ந்தது. மறுகணம் நெற்றி சுருங்கியது. அடுத்ததை உருவினார். அதற்கடுத்ததையும் உருவினார்.

"என்னம்மா இது, எல்லாத்துலயும் கிறுக்கி வச்சிருக்கு?"

"கிறுக்கல் இல்ல. பேரு."

"பேரு இருந்தா மதிப்பு போச்சும்மா. மருந்து போட்டுத் துடைச்சாலும் தாள் கிழியும். இந்தக் கடைசிப் பெட்டி மட்டும் சுத்தமா இருக்கு, இதை எடுத்துக்கறேன். மத்ததைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுருங்க."

கடைசிப் பெட்டி! எவரும் தமதென்று கேளாத பாட்டுகள் அதில் இருந்தன. எவரும் கேளாததால் ஊசி உழாத பாட்டுகள். உழாததால் பளபளத்த பாட்டுகள். கொடுப்பதா வேண்டாமா என்று அவள் எத்தனையோ இரவுகள் தூக்கமின்றிப் புரண்டது எவற்றுக்காகவோ, அவற்றை அந்த மனிதர் காலால் தள்ளாத குறையாய் ஒதுக்கினார். மக்கள் நெஞ்சோடு அணைத்துத் தேய்த்தவை அவருக்குக் குப்பை. தீண்டாமல் விட்டவை மட்டுமே அவருக்குக் கருவூலம். அதில் ஒன்றை உயரத் தூக்கி, இது வேறெங்கும் கிடைக்காது என்று தமக்குள் மெல்லக் கூவினார். பெண்ணொருத்தி பாடிய தட்டு அது. பெண்குரலுக்கு ஆண் எப்படி ஆடுவது என்று கடையினர் நகைத்து ஒதுக்கியது. கடை சாத்திய பின், நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கும்போது, அனெத்தி அவளுக்காக எப்போதேனும் தாழ்ந்த ஒலியில் வைப்பது.

இதற்குள் வாயிலில் ஆள்கள் கூடிவிட்டனர். முன்னால் நின்றவன் யோர்தானி; துறைமுகத்தில் முதுகு தேய்ந்து ஓய்ந்தவன், அனெத்திக்கு உடன்பிறவாத தம்பி போன்றவன்.

"அண்ணி, விக்கிறீங்களாமே? அது எங்க பாட்டு. எங்க பேரு இருக்கு அதுல. அண்ணன் இருந்தா இந்தக் கையுறைக்காரனை உள்ள விட்டிருப்பாரா?"

"உன் பேருதான் யோர்தானி. எழுதினவளே நான்தானே. இந்தா, எடுத்துட்டுப் போ."

அவள் நீட்டிய தட்டை அவன் வாங்கவில்லை. பின்னால் நின்றவர்களைப் பார்த்தான். அவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள்.

"நான் எங்க கொண்டு போறது அண்ணி? போடுறதுக்குப் பாட்டுப்பெட்டி கிடையாது. இதோட போய் நின்னா எம்பொண்டாட்டி என்னையும் சேர்த்து வெளிய வச்சுருவா. இங்கயே இருந்தாத்தானே அழகு?"

"எங்க? நாளன்னைக்கு இடிக்கப்போற இந்தச் செவுத்துலயா?"

அறிவார்ந்தீர், உரிமை பேசும்போது உயரும் கைகள், சுமை தூக்கும்போது எங்கே ஒளிகின்றன? நம்முடையது நம்முடையது என்று முழங்கும் வாய்கள், அதைத் துடைத்தும் அடுக்கியும் காத்தவளை நோக்கி ஒருநாளேனும், உனக்கு எது வேண்டும் என்று கேட்டதுண்டா? எவாந்தியாவின் நெஞ்சில் அத்தனை நாளும் பானைக்குள் அடங்கிக் கொதித்த நீர் அப்போது மூடியைத் தள்ளியது. அவள் அழவில்லை, கூச்சலிடவுமில்லை. கல்லாப்பலகையின் இழுப்பறையைத் திறந்து, விரல்நீளத்துக்குத் தேய்ந்திருந்த ஊதாக் கரிக்கோலை எடுத்தாள். லியாந்திரோவின் வெண்கையுறையிலிருந்து அந்தப் பெண்குரல் தட்டை வாங்கினாள். முனையை நாவில் நனைத்தாள். தாள்வட்டத்தின் வெறுமையில், நடுங்காத எழுத்தில், தன் பெயரை எழுதினாள்.

"அம்மா, என்ன பண்ணிட்டீங்க. அதோட விலையே போச்சு."

"போகட்டும். இது என் பாட்டு."

திரைக்குப் பின்னால் போய், அங்கிருந்த பாட்டுப்பெட்டியின் பிடியைச் சுற்றி முடுக்கினாள். பழைய ஊசியைக் கழற்றி எறிந்து புதியது பூட்டினாள். கரகரப்பு எழுந்தது, அதன் ஊடே, பாலை மணலில் ஊற்றுக்கண் திறந்தாற்போல், ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. எவாந்தியா கையை மேலாடையில் துடைத்துக்கொண்டு, தன் வாழ்நாளில் முதன்முறையாக, இசை ஒலித்துக்கொண்டிருக்கையிலேயே திரையைக் கடந்து தளத்தின் நடுவில் வந்து நின்றாள். வாயிலில் எவனோ களுக்கென்று சிரித்தான். ஒருவன் அவளைப் பிடித்து உட்காரவைக்க அடியெடுத்து வைத்தான். யோர்தானியின் பருத்த கை அவன் மார்பில் பதிந்தது.

"உக்காருடா. கேட்டு வாங்கின பாட்டு."

அவன் வாயிற்படியிலேயே உட்கார்ந்தான். வேறெவரும் தளத்தில் அடிவைக்கவில்லை. கழுகுபோல் விரிய அவள் தோள்கள் இசையவில்லை. சுழல முழங்கால்கள் ஒப்பவில்லை. ஒரு காலை எடுத்து வைத்தாள். மறுகாலை மெல்ல இழுத்து அதனருகில் வைத்தாள். தலை கவிழ்ந்து, கண் தரையில் பதிந்து, பாட்டு ஓயும் வரை அந்தத் தளத்தைத் தனக்கே உரியதாய் ஆண்டாள்.

பாட்டு ஓய்ந்ததும் அவள் மூச்சு வாங்கியபடியே முடிவைச் சொன்னாள். பெயருள்ளவை பெயருக்குரியவருக்கு, இறந்தவர் தட்டு அவர் பிள்ளைகளுக்கு, விளக்கேற்றுமுன் எடுத்துச் செல்லாதவன் நாளை முதல் என் பாட்டென்று வாய் திறக்கலாகாது. பெயரற்ற பெட்டி, ஒன்று குறைய, லியாந்திரோவுக்கு. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்குமன்றத்தில் ஓயாத அந்த நா, ஊதா உதட்டைக் கண்டு ஓய்ந்தது. முதலில் யோர்தானி முன்வந்தான். தன் தட்டைச் சட்டைக்குள் செருகி, மேலங்கியின் பொத்தானை மாட்டி, திருட்டுக் கோழியோடு வேலி தாண்டுபவன்போல் வீடு நோக்கி நடந்தான். ஒவ்வொருவராய்ப் பின்தொடர்ந்தனர். உள்ளத்தில் சுமக்க எளிதாயிருந்தது தோளில் எவ்வளவு எடை என்பதை அன்றைக்குத்தான் அவர்கள் அறிந்தார்கள்.

ஒன்றாயிருந்தது பலவாய்ப் பிரிந்து போயிற்றே என்று அவள் கலங்காமல் இல்லை. வெறுமையான பெட்டிகளைக் கண்டபோது நெஞ்சின் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது உண்மை. ஆயினும் கூடிக் காப்பவர் இல்லாத செல்வம் ஒருத்தியின் முதுகிலேயே கல்லாகிவிடும். உழைத்தவள் பெயர் எழுதப்படாத கருவூலம் எத்துணைப் பெரிதாயினும் அவளுக்குச் சிறையே ஆகும். இருள் இறங்கியபோது எவாந்தியா ஒற்றைத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கடையைப் பூட்டினாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் அவள் உதட்டைக் கண்டார்கள்; எவரும் சிரிக்கவில்லை. கிண்ணங்களையும் நாற்காலிகளையும் அவள் முன்பே அகற்றிவிட்டாள். திரையை மட்டும் கழற்றாமல், இடிப்பவர்களுக்கென்று விட்டுச் சென்றாள்.