கிண்ணத்தில் ஒட்டிய ஜிப்சம்

திரையில் ஜிப்சத்தைக் காட்டும் எக்ஸ்-ரே கோடுகள் எழும்பியதும் அறையே கைதட்டியது. நான் மட்டும் கைதட்டவில்லை.

செவ்வாயில் எங்கள் ரோவர் அள்ளியது காற்று குவித்த மணல். ஜிப்சம் தண்ணீர் பட்டு உருவாகும் கனிமம்; பழைய பாறையில் அது இருப்பது புதிதல்ல. புது மணலில் இருந்தால், அங்கே இன்னும் ஈரம் உண்டு என்று ஊரெல்லாம் பேச்சுக் கிளம்பும். ஆனால் போன வாரம் ரோவரின் கருவிக்குள் இதே கிண்ணத்தில்தான் ஜிப்சப் பாறைத் தூளைப் போட்டு எக்ஸ்-ரே பாய்ச்சினோம். கொட்டிய பிறகு கிண்ணம் காலிதானா என்று ஒருமுறை பார்க்காமல் அடுத்த மண்ணைப் போடக்கூடாது. கருவி என் பொறுப்பு. அந்தச் சோதனையைத் திட்டத்தில் எழுதியதும் நான்தான். அதை வெட்டியவர் என் வீட்டுக்காரர். ரோவரின் தினசரி வேலைத்திட்டம் அவர் கையில். மின்சாரம் போதாதாம், வண்டி நகர வேண்டுமாம். வீட்டிலும் நேற்றைய டீ காய்ந்த கோப்பையிலேயே இன்றைய டீயை ஊற்றிக் குடிக்கிற மனுஷர்தானே.

நடைபாதையில் அவரை மடக்கி, ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு கிண்ணத்துக்காக எம் மானத்த வாங்காத," என்றார்.

கூட்டத்தில், பத்திரிகைக்காரர்களை அழைக்கும் முன் இயக்குநர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். காலிச் சோதனை ஏன் நடக்கவில்லை? என் வீட்டுக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"கருவிக் குழு வேண்டாம்னு சொல்லிட்டாங்க, சார்."

கருவிக் குழு என்றால் நான். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர், கூசாமல் பழியை என் தலையில் கட்டினார். அழுதால் தொலைந்தேன் என்று பல்லைக் கடித்தேன். அதே மணலை, இதுவரை பயன்படுத்தாத ஒரு கிண்ணத்தில் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். மிச்சமிருந்த புதுக் கிண்ணங்கள் சொற்பம். வீணாகும் என்று அவர் முந்திக்கொண்டு தடுத்தார். இயக்குநர் என் பக்கம் தலையசைத்தார்.

முடிவு வந்த காலையில் எல்லோரும் திரை முன் நின்றோம். மணலின் கோடுகள் இருந்தன. ஜிப்சம் பொட்டுக்கூட இல்லை. பத்திரிகைக்காரர்களை அழைக்க வேண்டாம் என்றார் இயக்குநர். என் வீட்டுக்காரர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"பழிய இங்க வச்சுத்தானே போட்டீங்க? வெட்டினது யாருன்னு அதையும் இங்கயே சொல்லிடுங்க."

அவர் இயக்குநரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அவர் வாயைத் திறக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.