எரிகோவின் இரண்டாம் ஆள்

பெனியேல்புரத்தில், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பைபிள் வசனங்களில் வருகிற ஆட்கள், திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள் ஞானசிகாமணி வீட்டுக்குச் சமாதானம் பேச வருவார்கள். மனத்தாங்கலோடு யாரும் திருவிருந்தில் சேரக் கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம். அண்ணன் தம்பிக்கு உள்ளது வசனத்துக்கும் உண்டுதானே.

ஞானசிகாமணி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சபையின் சமாதானக் கமிட்டித் தலைவர். தான் தீர்க்காத முரண்பாடு வேதத்தில் கிடையாது என்பது அவருடைய எண்ணம்; விளக்கங்களை ஒரு நோட்டில் எழுதியே வைத்திருந்தார். ஒரு தடவை, இயேசுவின் கல்லறையில் இருந்த தூதன் ஒருவனா இருவரா என்று வந்தவர்களிடம், இரண்டு பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் கட்டாயம் இருப்பார் என்று சொல்லி அனுப்பினார். தூதர்கள் மூன்று பேரும் டீயைக் குடித்துவிட்டு மரியாதைக்குத் தலையாட்டினார்கள். அன்றைக்கு மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இந்தச் சனிக்கிழமை எரிகோவிலிருந்து வந்தார்கள், வழியருகே குருடராக உட்கார்ந்திருந்து இயேசுவால் பார்வை பெற்றவர்கள். மத்தேயு தன் சுவிசேஷத்தில் எழுதினபடி இருவர். மாற்கு எழுதினபடி பர்திமேயு மட்டும். பர்திமேயுவுக்கு ஒரு குறையும் இல்லை. முறுக்கைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டார். பேர் எழுதப்படாத இன்னொருவருக்குத்தான் வழக்கு. மத்தேயு வாசிக்கும் ஞாயிறுகளில் அவர் நன்றாக இருக்கிறார். மாற்கு வாசித்தால், முடியும்வரை அவர் எங்கேயும் இருப்பதில்லை. திரும்பி வரும்போதெல்லாம் பார்வை கொஞ்சம் குறைந்திருக்கிறது. போன தடவைக்குப் பிறகு வலது கண்ணில் வெறும் வெளிச்சம்தான். நாளைக்கு மாற்கு.

ஞானசிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். மாற்கு அவரைச் சொல்லாமல் விட்டாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. ஆகவே முரண்பாடு இல்லை.

"சரிதான் ஐயா. அவர் சொல்லாத நேரத்துல நான் எங்க போய் நிக்க?" என்றார் அந்த இரண்டாம் ஆள்.

ஞானசிகாமணி நோட்டுப் பக்கங்களைப் புரட்டினார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி புரட்டினார். டீ கொண்டுவந்த அவர் மனைவி கனகரஞ்சிதம், தம்ளரை வந்தவரின் இடது கைப் பக்கமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கும் அப்படித்தான். இவுக சாட்சி சொல்லுத ஞாயித்துக்கிழமை எல்லாம் நான் கோயில்லயும் இருக்க மாட்டேன், வீட்லயும் இருக்க மாட்டேன்."

வாஸ்தவம்தான். தென்காசி ரோட்டில் லாரியில் மோதி, பிழைத்து, மனந்திரும்பின கதையைச் சபை முன்னால் சாட்சியாக ஞானசிகாமணி முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறார். சாட்சியில் அவர் பைக்கில் தனியாகப் போவார். உண்மையில் பின்னால் கனகரஞ்சிதம் இருந்தாள். முழங்கால் உடைந்தது அவளுக்கு, ஜெபம் பண்ணினதும் அவள்தான். இவருக்குக் கட்டைவிரலில் ஒரு சிராய்ப்பு. லாரியோ, ஓரமாக நின்றுகொண்டிருந்த லாரி. பைக் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போனது இவர். தனியாளாகச் சொன்னபோது சபை கண்ணைத் துடைத்தது, சரி என்று அப்படியே விட்டுவிட்டார். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் அவள் இடம் காலியாக இருப்பதை அவரும் பார்த்ததுண்டு. அடுப்பில் குழம்பு இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். நாலு சுவிசேஷத்தையும் ஒத்துப்பார்த்த இவ்வளவு பெரிய மூளை, சொந்த வீட்டு அடுப்படியை எட்டிப்பார்க்கவில்லை. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மாற்குல ஒரு வார்த்தை கூட்டக் கூடாது. உங்க சாட்சில கூட்டலாம்லா?" என்று இரண்டாம் ஆள் தணிவாகக் கேட்டார்.

ஞாயிறன்று, வேதவாசிப்புக்கு முன்னாலேயே போதகரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஞானசிகாமணி சாட்சி சொல்ல எழுந்தார். பைக்கின் பின்னால் கனகரஞ்சிதத்தை உட்காரவைத்தார். முழங்காலை அவளுக்கே கொடுத்தார். தலை சீவினதைச் சொன்னபோது சபை சிரித்தது, அவரும் சிரித்தார். நேற்று எரிகோவிலிருந்து பேர் தெரியாத ஒருவர் தன் வீட்டுக்கு வந்து, தன்னால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி கேட்டதையும் சேர்த்துக்கொண்டார்.

பிறகு மாற்கு வாசிக்கப்பட்டது. மூன்றாவது பெஞ்சில் கனகரஞ்சிதம் இருந்தாள். ஆண்கள் பக்கம் இரண்டாம் ஆள் இருந்தார். வலது கண்ணை மூடியும் திறந்தும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசிப்பு முடிவதற்குள் வாசலில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். விபத்து நடந்த அன்றைக்குக் கனகரஞ்சிதத்தைக் கட்டிலில் வைத்துத் தூக்கிப்போன நாலு பேர் வந்தார்கள். தையல் போட்ட நர்சம்மா வந்தார். கடைசியாக, மூன்று மாதம் அவர்கள் வீட்டில் சோறு பொங்கிப் போட்ட ஞானசிகாமணியின் தங்கை வந்தாள். அவள் இறந்து பத்து வருஷமாகிறது.

"அண்ணே, என்னைய எப்பச் சொல்லப் போறீக?" என்று கேட்டாள்.

கனகரஞ்சிதம் தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள்.