மாப்பிள்ளைக்கு என்ன தீனி

1

கடைக்காரர் தலையில் பழியைப் போடுவதற்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது. முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: 'உப்புநீர்த் தொட்டி மீனுக்கு உணவு கேட்டுப் போனவனிடம், பேராசை பிடித்த அந்தக் கடைக்காரர்—'

பச்சைப் பொய். நான் எடுத்த டப்பாவை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தவர் அவர்.

2

சரி, நடந்ததைச் சொல்லித் தொலைக்கிறேன். அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆறு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போனவள், வீட்டையும் மேசைமேல் இருந்த சின்னத் தொட்டியையும் என்னிடம் விட்டுப்போனாள். எழுத ஒரு இடம் கொடு என்று நான்தான் கெஞ்சியிருந்தேன்.

தொட்டியில் ஒரே மீன், விரல் நீளம். உடம்பெல்லாம் நீலமும் ஆரஞ்சும் சுருள் சுருளாக. அந்தப் பகட்டுக்காக அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தாள். சாப்பாட்டிலும் மாப்பிள்ளை முறுக்குதான்: உயிரோடு நெளியும் இறால்குஞ்சைத் தவிர எதையும் தொடாது. இறால் முட்டைகளை உப்புத்தண்ணீர் பாட்டிலில் போட்டு, ஒரு நாள் முழுக்கக் காற்றுக்குழாய் விட்டு, பொரிந்ததை வடிகட்டித் தினமும் ஊட்ட வேண்டும்.

மூன்றாம் வாரம் முட்டை தீர்ந்தது. கடைக்குப் போனேன். முட்டையும் இருந்தது, காய்ந்த செதில் தீவன டப்பாவும் இருந்தது.

"அசையாததை அது சாப்பாடுன்னே நினைக்காது சார். முட்டையே எடுத்துக்கோங்க" என்றார்.

டப்பாவைத்தான் வாங்கினேன். ஒரு சிட்டிகை தூவிவிட்டு எழுதப் போய்விடலாமே. (பசித்தால் தானாகத் தின்னும் என்று நினைத்தேன். இல்லை, நினைத்ததாக இப்போது எழுதுகிறேன்.)

மாப்பிள்ளை நாள் முழுக்கத் தொட்டிக்குள் இருந்த பாறையைக் கொத்திக்கொண்டே இருந்தது. அக்கா போனில் கேட்டபோதெல்லாம், வாயை மூடாமல் சாப்பிடுகிறது என்றேன். அந்தப் பாறையில் இருந்த பூச்சிகளை அது எப்போதோ தின்று தீர்த்திருந்தது. கொத்தியது வெறும் கல்லை.

3

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத ஒரே பாத்திரம் நான்தான். பாருங்கள்: ஒரு நாள் காலை மீனின் வயிறு உள்ளே ஒட்டியிருப்பதைப் பார்க்கிறான். கடை பத்து நிமிட நடை. செருப்பை மாட்டிக்கொண்டு

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியாது. அவன் போகவில்லை.]

நோட்டை எடுத்தான். பல மாதங்களாக ஒரு வரி நகராமல் இருந்தவனுக்கு அன்று அந்த வயிற்றைப் பற்றி ஒரு பக்கம் கடகடவென்று வந்தது. ஐந்து நாள் அது மெலிந்தது, ஐந்து நாள் நான் எழுதினேன். ஆறாம் நாள் மணலில் சாய்ந்து கிடந்தது.

கடைக்காரர் தப்பான தீனியைக் கொடுத்துவிட்டார் என்று அக்காவிடம் சொன்னேன். நீ என்னடா பண்ணுவ, விடு என்றாள். அந்த ஆறுதலையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

4

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அக்கா. குப்பை என்றால் குப்பை என்பாள். அவள் ஒருத்தி போதும் என்றுதான் இத்தனை வருஷம் எழுதினேன். அவள் ஊர் திரும்பியதும் வரைவை அவளிடமே நீட்டினேன். புத்தி கெட்டுப்போய் இல்லை. வயிற்றைப் பற்றி எழுதிய அந்தப் பக்கத்துக்கு எனக்குப் பாராட்டு வேண்டியிருந்தது.

முடிவு ஒன்று: சிரித்துவிட்டுப் புது மீன் வாங்கக் கூப்பிடுகிறாள். [த்தூ.]

முடிவு இரண்டு: டப்பாவை என் முகத்தில் வீசுகிறாள். [வீசியிருந்தால் தேவலை.]

நடந்தது: சமையலறையில் நின்றபடியே கடைசிவரை படித்தாள்.

"வயித்தைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கியே, அப்ப அது உயிரோட இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

தாள்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

"நல்லா எழுதியிருக்க. இனிமே என்கிட்ட படிக்கக் கொடுக்காத."

கதைக்கு இதற்கு மேலும் ஒரு முடிவு வேண்டுமாம். நான் எழுதினால் நாலு வரியில் அவள் என்னை மன்னித்துவிடுவாள், என் லட்சணம் எனக்குத் தெரியும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் கேட்காமல் மட்டும் என்னை மன்னித்துவிடாதீர்கள்.