அளவு சரியாகத்தான் இருந்தது

பல் டாக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் தம்பியைத் திட்டினார். சிகிச்சை நாற்காலியில் சாய்ந்திருந்த தையற்காரம்மா காதில் விழட்டும், தப்பு தன்னுடையது இல்லை என்று தெரியட்டும் என்றுதான்.

"போன தடவை உறை ஓரத்துல இடைவெளி. இந்தத் தடவை மேல் பல்லுல இடிக்குது. கண்ணை மூடிக்கிட்டா செய்யறே?"

ஊரின் மறுகோடியில் பல் உறை செய்யும் கூடம் வைத்திருந்த தம்பி பொறுமையாகத்தான் பேசினான். "நீ அனுப்பின ஸ்கேன்படிதான்க்கா செஞ்சேன். ஃபைலோட சரிபார்ப்பு எண்ணையும் அனுப்புன்னு எத்தனை தடவை சொன்னேன்? வர்ற வழியில எதாவது மாறியிருந்தா அது காட்டிக்கொடுத்துடும்."

"ஃபைல் சைஸ் ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே இருக்கு? வந்துட்டாரு விஞ்ஞானி!"

போனை வைத்தார். உறையை இனியும் தேய்த்தால் ஓட்டை விழும். அந்த அம்மாவை மறுபடி அலையவிட மனமில்லாமல், இடித்த மேல் பல்லையே கொஞ்சம் ராவி அனுப்பிவிட்டார். நல்ல பல்.

மறுநாள் மத்தியானம் தம்பி மடிக்கணினியோடு வந்து நின்றான். அக்காவின் கணினியில் இருந்த ஃபைலுக்கும் தன்னிடம் வந்ததற்கும் எண் எடுத்துக் காட்டினான். எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான இரண்டு வரிகள். டாக்டர் விரல் வைத்துப் பார்த்தார். முதல் எழுத்திலேயே ஒத்துப்போகவில்லை. பென்டிரைவில் எடுத்த நகலுக்கு அச்சுப் பிசகாமல் அக்காவின் ஃபைலுக்கு வந்த அதே எண் வந்தது. நெட்டில் பத்து தடவை அனுப்பியதில் மூன்று தடவை பிசகியது. அலமாரி மேல் கொதித்துக்கொண்டிருந்த பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டு வேறு இணைப்பில் அனுப்பினான். பத்தும் சுத்தம்.

இரண்டு பற்படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தபோது, அவனுக்கு வந்ததில் கடுகளவு மேடு தெரிந்தது.

"அந்த அம்மாவோட நல்ல பல்லை ராவிட்டேன்டா."

அவன் முகம் சுருங்கியது. 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை. கேட்கவில்லை.

"உன்னைப் போய், இன்னொருத்தர் முன்னாடி..." என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"அதை விடுக்கா. மொதல்ல அவங்களைக் கூப்பிடு."

புது உறை தயாரானதும் தையற்காரம்மா வந்தார். டாக்டர் மென்று விழுங்காமல் சொன்னார்: "என் தம்பி மேல தப்பில்லைம்மா. கோளாறு என் மெஷின்ல. அவன் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா உங்க பல்லைத் தொட்டிருக்கவே வேண்டாம்."

அந்த அம்மா நாக்கால் மேல் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "பச்சைத் தண்ணி குடிச்சா சுரீர்னு இழுக்குதே, அதனாலதானா?"

"ஆமாம்மா. கூச்சத்துக்குப் பூச்சு வெச்சுவிடறேன்."

"நான் சட்டையைத் தப்பா வெட்டிட்டா வேற துணி எடுத்துத் தெச்சுத் தருவேன். நீங்க என்ன செய்வீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டாக்டர் பூச்சுக் குப்பியை எடுத்து மூடியைத் திறந்தார். அந்த அம்மா தானாகவே நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். டாக்டர் முகக்கவசத்தைக் கண்ணுக்கடி வரை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தார்.