மலை மாதிரி ஏறிய கோடு

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த விமல், அன்று தூங்கப் போகவில்லை. வாசலில் காவல் நின்றான். மீன்காரம்மாவைக் கூவாமல் போகச் சொன்னான். பக்கத்து வீட்டு முத்தம்மாவிடம், "அக்கா, ஒரு மணி நேரம் மிக்சி வாணாம். ஏஞ்சிக்கு இன்டர்வியூ நடக்குது" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

உள்ளே அவன் மனைவி ஏஞ்சலின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு பெயின்ட் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்ப்பவள். இப்போது சென்னையில் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். பங்குகளின் பழைய விலைகளை ஆராய்ந்து, எதை எப்போது வாங்கலாம் என்று விதி கண்டுபிடிக்கும் வேலை. அவர்கள் கொடுத்த பழைய விலை, விற்பனைக் கணக்குகளை வைத்து அவளும் ஒரு விதி கண்டுபிடித்து அனுப்பியிருந்தாள். அந்த விதிப்படி வாங்கி விற்றிருந்தால் எவ்வளவு லாபம் வந்திருக்கும் என்று காட்டும் கோடு மலை மாதிரி ஏறியது. அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

திரையில் பூமிகா என்ற அதிகாரி வந்தாள். முதலில் நாணயம் சுண்டுவதும் பகடை உருட்டுவதுமாகக் கணக்குகள். ஏஞ்சலின் சளைக்கவில்லை.

"உங்க விதிக்கு வருவோம்" என்றாள் பூமிகா. "காலையில மார்க்கெட் திறந்தாச்சு. நீங்கதான் வாங்கப் போறீங்க. முதல்ல எதைப் பார்ப்பீங்க?"

"இன்னிக்கு எந்தப் பங்கு வழக்கத்தைவிட ஜாஸ்தியா கைமாறுச்சுன்னு பார்த்து, அதை..."

ஏஞ்சலின் பாதியில் நிறுத்தினாள். அன்று முழுக்க எவ்வளவு கைமாறியது என்பது சந்தை மூடிய பிறகுதானே தெரியும்? மாலையில் தெரியப்போவதை வைத்துக்கொண்டு காலையிலேயே வாங்கியிருக்கிறாள்! காது மடல் சூடேறியது. மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனசு ஒப்பவில்லை.

"மேடம், தப்பு பண்ணிட்டேன். ரெண்டு நிமிஷம் குடுங்க."

நேற்றைய கணக்கைப் பார்த்து இன்று வாங்குவதாக ஒரே ஒரு வரியை மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கோடு தரையோடு படுத்துக்கொண்டது. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் சிரிக்கிறீங்க?"

"மலையாட்டம் நின்னுச்சு மேடம். இப்ப எங்க ஆரம்பாக்கத்து வயலாட்டம் மட்டமாயிடுச்சு."

பூமிகாவும் சிரித்துவிட்டாள்.

கதவைத் திறந்ததும் விமல் ஓடி வந்தான். "இன்னாச்சு?"

"போச்சு. என் தப்ப நானே கண்டுபுடிச்சி சொல்லிட்டேன்."

"நீ ஏன் சொன்ன? கம்முனு இருந்திருக்கலாம்ல?"

"அத நம்பி யாரோட துட்டையாவது போட்டாங்கன்னா?"

விமல் யோசித்துப் பார்த்தான். "அதுவும் சரிதான். வா, நாஷ்டா துன்னலாம்."

அந்த வாரக் கடைசியில் இருவரும் ரயிலுக்காக நின்றிருந்தபோது பூமிகா அழைத்தாள். "அந்தத் தப்பை நாங்க முதல்லயே பார்த்துட்டோம். உங்களுக்குத் தெரியுதான்னு பார்க்கத்தான் கேட்டேன்" என்றாள். வேலை உண்டு, ஆனால் விதி கண்டுபிடிக்கும் குழுவில் அல்ல, மற்றவர்களின் விதிகளைச் சோதிக்கும் குழுவில்.

"நானும் ஒண்ணு கண்டுபிடிச்சா பார்ப்பீங்களா மேடம்?"

"தாராளமா. அதை வேற ஒருத்தர் சோதிப்பாங்க."

"நல்லா சோதிக்கட்டும்" என்றாள் ஏஞ்சலின். குரல் துள்ளியது.

விஷயத்தைக் கேட்ட விமல் வாயைப் பிளந்தான். "அடுத்தவன் தப்ப கண்டுபுடிக்க சம்பளமா? ஊட்டுல எனக்கு ஓசியிலயே பண்ணிக்கினு இருந்தியே!"

பிளாட்பாரமே திரும்பிப் பார்க்க, அவள் சாப்பாட்டுப் பையாலேயே அவனை ஒரு போடு போட்டாள்.