மழைக்குரலோன்

குலாம் ரசூல் பாடினால் மழை பெய்யும் என்று முதன்முதலில் சொன்னவன் யாரென்று தெரிந்தால் அவன் நாக்கில் சூடு இழுக்கலாம். தெரியாது. ஊர் வாய்க்கு முகவரி ஏது?

அவர் கோவில்பட்டி கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவர். ஒரு தர்கா கந்தூரி விழாவில் பாடப் போனார், பிறகு கடைக்குத் திரும்பவே இல்லை. சாத்தூரிலிருந்து விளாத்திகுளம் வரை அவர் பாடாத கல்யாணம் கல்யாணமே இல்லை என்றிருந்த காலம் உண்டு. எந்தச் சாதி வீடானாலும் அவருக்குத் தனி மேடை, தனி மைக். மேல்ஸ்தாயியில் ஏறி அவர் குரல் நிற்கும்போது சமையல்காரன் கரண்டியைப் போட்டுவிட்டுப் பந்தலுக்கு ஓடி வந்துவிடுவான். சாம்பார் அடிப்பிடித்துப்போன கல்யாணங்கள் நிறைய.

அந்தப் பேருக்குக் குழி பறித்தது ஒரு கடம்பூர்க் கல்யாணம். நல்ல சித்திரை வெயிலில் அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே யாரும் எதிர்பாராத மழை கொட்டிப் பந்தல் சரிந்தது. அடுத்த மாதம் எட்டயபுரம் பக்கம் இன்னொரு கல்யாணத்திலும் அதே கதை. நம் ஜனங்களுக்கு இரண்டு தடவை போதாதா? இவராவது சும்மா இருந்திருக்கலாம். நோட்டீசில் ‘மழைக்குரலோன் குலாம் ரசூல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார். பெருமையாகத்தான் இருந்தது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகு பாட்டுக்காக யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நன்றாக மழை பெய்த வருஷங்களில் அவர் நினைப்பே யாருக்கும் வராது. வானம் காய்ந்தால் மட்டும் வாசலில் வண்டி வந்து நிற்கும். அவர் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருக்கும்போதே பாதிப்பேர் எழுந்துபோய் மேகம் திரளுகிறதா என்று பார்த்துவிட்டு வருவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கூட அவர் தலைக்கு மேலேதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் திருச்சி ரேடியோ நிலையத்தில் குரல் தேர்வுக்கு அழைப்பு வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் போய்ப் பாட வேண்டும். அங்கே அடைத்த அறைக்குள் பாட வைப்பார்களாம், வானமே தெரியாதாம். அதைக் கேட்டதும் குலாம் ரசூலுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் பாட்டைப் பாட்டாகக் கேட்பார், அது போதும் என்று நினைத்தார். வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது. இதை விட்டால் இன்னொரு தடவை கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை.

போகிற வழிச் செலவுக்கு ஆகட்டும் என்று அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நத்தக்காட்டில் பாட ஒத்துக்கொண்டதுதான் வினை. எட்டயபுரத்துக்குத் தெற்கே, வண்டிப்பாதை மட்டுமே உள்ள கரிசல் கிராமம். ஊரிலேயே அதிகம் புஞ்சை வைத்திருந்த பெரிய சம்சாரி கருத்தையா, மழை வேண்டி அம்மன் கோயில் முன்னால் ஆண்கள் எல்லோருக்கும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தவர், பாட்டுக்காரரிடமும் வந்து நின்றார். எங்களுக்கு இது வழக்கமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மரியாதை செய்ய வந்தவரை மறுப்பானேன் என்று குலாம் ரசூல் கையை நீட்டிவிட்டார். காப்புக் கட்டினவர் மழை பெய்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அவருக்குத் தெரியாததில்லை. அது ஊர்க்காரர்களுக்கு, நமக்கு வெறும் உபசாரம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்குப் பாடி முடித்தும் ஒரு சொட்டு மழை இல்லை. மறுநாள் காலை அவர் பையை எடுக்க, பெட்டி வாசிக்கும் மந்திரமூர்த்தி ஆர்மோனியத்தைத் தூக்க, கருத்தையா சிரித்தார்.

“எங்கன பொறப்பட்டுட்டீங்க பாய்? காப்பக் கட்டிட்டு எல்லையத் தாண்டலாமா? மழ பெய்யட்டும், நானே வண்டி கட்டிக் கொண்டாந்து விடுதேன்.”

குலாம் ரசூல் ரேடியோவைப் பற்றி எடுத்துச் சொன்னார். கருத்தையா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரேடியோ எங்கும் ஓடிப்போய்விடாது என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் மேல் கோபப்படவும் வழியில்லை. ஊரே கம்மங்கூழ் குடித்துக்கொண்டு இவருக்கு நெல்லுச்சோறு பொங்கிப் போட்டது. கிணறு வற்றிக் கிடந்தது. கருத்தையா மனைவி பாண்டியம்மாள் அடுத்த ஊருக்கு நடந்து தண்ணீர் எடுத்து வந்து, இவர் தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவ ஒரு குடம் நிறைய வைத்துவிடுவாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் குளித்தே நாளாயிற்று என்று மந்திரமூர்த்திதான் வந்து சொன்னார். அடித்துப் பூட்டி வைத்திருந்தால் கதவை உடைத்துக்கொண்டு ஓடியிருப்பார். சோற்றைப் போட்டுக் கட்டிப்போட்டால் எதை உடைப்பது?

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் துணிந்து கிளம்பிவிட்டார். எல்லையில் பாண்டியம்மாள் குடத்தோடு எதிரே வந்தாள். குடத்தை இறக்கவில்லை.

“போறதுன்னா போங்க பாய், நான் சத்தங்காட்ட மாட்டேன். வெதச்ச வெத புழுதிக்குள்ள கெடக்கு, எறும்பு இழுக்குது. மழ பொய்ச்சிட்டா எங்க வீட்டு அவிய ஒங்களக் கொற சொல்ல மாட்டாவ. காப்பக் கட்டிட்டுக் காவக்காக்காம விட்டது தாந்தான்னு ஒடஞ்சு போவாவ. ஊரும் அவியளத்தான் ஏசும்.”

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள். குலாம் ரசூல் எல்லைக்கல்லைப் பார்த்தபடி நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

அன்று பகல் முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இவர்களாகவே தன்னைத் துரத்த வேண்டும். குரல் போய்விட்டது, இந்த ஆள் இனி உதவமாட்டான் என்று தெரிந்தால் அவர்களே காப்பை அறுத்து அனுப்பிவிடுவார்கள். புதன்கிழமை ரயிலைப் பிடித்துவிடலாம்.

சாயங்காலம் வேண்டுமென்றே கெடுத்துப் பாடினார். சுருதியை விட்டு இறங்கினார். தாளத்தைத் தாறுமாறாக மிதித்தார். சரணத்தைப் பாதியில் விழுங்கினார். மந்திரமூர்த்தி பெட்டியை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். ஊறுகாய்கூடத் தொடாமல் காப்பாற்றி வந்த குரல். அதைத்தான் இப்படிப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார். இதோ ஒருவராவது முகம் சுளிப்பார், பின்னால் இருக்கிற பொடிசுகளாவது சிரிக்கும் என்று காத்திருந்தார்.

ஒருவரும் அசையவில்லை. கும்பிட்ட கை கும்பிட்டபடி இருந்தது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பார்வையெல்லாம் வானத்தில். அவர் பாடுவதற்குப் பதிலாக ஒரு தகரத்தைத் தட்டியிருந்தாலும் அந்தக் கண்ணீர் அப்படியேதான் வழிந்திருக்கும். இத்தனை வருஷமும் இப்படித்தானா என்று நினைத்தபோது அவருக்குப் பயமாக இருந்தது. எல்லைக்கல் முன்னால் நின்றபோதுகூட அவ்வளவு பயம் வரவில்லை.

அப்போதுதான் காற்று திரும்பியது. பாட்டு முடியுமுன் மழை இறங்கிவிட்டது. அப்படி ஒரு மழை.

ஊரே அவரைத் தூக்கிக்கொண்டு ஆடியது. கருத்தையா காப்பை அவிழ்த்துவிட்டு, நனைந்த உடம்போடு அவரைக் கட்டிக்கொண்டார்.

“எத்தனையோ தடவ ஒங்க பாட்டக் கேட்டிருக்கேன் பாய். இன்னைக்கு மாதிரி நீங்க ஒருநாளும் பாடுனதில்ல.”

மந்திரமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

கருத்தையா சொன்ன சொல் தவறாதவர். புதன்கிழமை விடிந்ததும் வண்டி கட்டினார். ஆனால் நனைந்த கரிசல் யாரை விட்டது? ஊரைத் தாண்டும் முன்னே சக்கரம் அச்சு வரை புதைந்தது. மாடுகள் மண்டியிட்டன. நடந்து பார்க்கலாம் என்று இறங்கினார். செருப்பு போனது, முழங்கால் வரை களி ஏறியது, தூக்குகிற காலோடு ஒரு பாத்தி மண் கூடவே வந்தது. மண் இறுகாமல் யாரும் எங்கும் போக முடியாது என்று அவரைக் கைத்தாங்கலாகத் திருப்பிக் கூட்டி வந்தார்கள். ரயில் போயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம் ஊரில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் புஞ்சைக்குப் போயிருந்தார்கள். திருச்சியில் இந்நேரம் தன் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பார்கள் என்று குலாம் ரசூலுக்குத் தோன்றியது. மந்திரமூர்த்தியைப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ரேடியோவுக்கென்று பழகி வைத்திருந்த பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். மழைக்காக இல்லை, கூலிக்காக இல்லை. குரல் மேலே ஏறியது, ஏறிய இடத்தில் இழை பிசகாமல் நின்றது. அப்படி அவர் வாழ்க்கையில் பாடியதில்லை. மந்திரமூர்த்தி அழுதுகொண்டே வாசித்தார்.

வாசலில் ஆள் ஓடி வரும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். கருத்தையா நின்றார். இடுப்பு வரை சேறு, மேல்மூச்சு வாங்கியது. வெளியே மறுபடியும் மூட்டம் போட்டிருந்தது. இரண்டு கையையும் கூப்பினார்.

“பாய், கோவிச்சுக்கிடாதீங்க, பாட்ட நிறுத்திருங்க. இதுக்கு மேல பெஞ்சா வெத அழுகிப்போகும்.”

குலாம் ரசூல் நிறுத்திவிட்டார். கருத்தையா முற்றத்தில் இறங்கி நின்று வானத்தில் மூட்டம் கலைவதைப் பார்த்தார். பிறகு மனம் நிறைந்து புஞ்சைக்குத் திரும்பிப் போனார்.