வாசனை தெரியாதவர்கள்

விடியும் முன்பே டிரம்கள் உருளத் தொடங்கிவிட்டன. சிமெண்டுத் தரையில் காலி டிரம் உருளும் சத்தம் மண்டைக்குள் இடிக்கும். அதற்கு மேல் கத்தித்தான் பேச வேண்டும். ஒவ்வொரு டிரம்மையும் தராசில் ஏற்றி, தீப்பொறி பறக்காதிருக்க எர்த் ஒயரை மாட்டி, தொட்டியிலிருந்து வரும் குழாயைச் சொருகித் திரவத்தை நிரப்ப வேண்டும். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். தோலில் பட்டால் உள்ளே இறங்கும். மூச்சில் போனால் தலை சுற்றும், வாந்தி வரும், கொஞ்சம் அதிகமானால் ஆளே போய்விடுவான். ரப்பர் கையுறை, ரப்பர் பூட்ஸ் போடு, தோல் ஷூ கூடவே கூடாது, தோல் அதைக் குடித்துக் காலோடு வைத்திருக்கும் என்று டிரம்மின் மேலேயே அச்சடித்திருக்கிறது. அச்சடித்ததில் ஒரு குறைச்சலும் இல்லை. பூட்ஸ்தான் வந்தபாடில்லை.

கசிவு இருந்தால் அலற வேண்டிய பெட்டி ஒன்று சுவரில் உண்டு. அது வாயடைத்துப்போய் வெகுகாலம். அதற்குப் பதிலாக ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் அவள் கொட்டகைக்குள் போய் மோந்து பார்ப்பாள். லேசாகப் பூண்டு வாசனை அடித்தால் எல்லாரையும் தடுத்துவிடுவாள், அடிக்காவிட்டால் தலையசைப்பாள். அவளுக்கு ‘மூக்கு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. இந்தத் திரவம் மூக்குக்குத் தெரியும் முன்பே உடம்பைக் கெடுக்கும், நாள்பட மூக்கையே மரத்துப்போகச் செய்யும் என்பதெல்லாம் முதலாளிக்குத் தெரியாததா? பெட்டியைப் பழுதுபார்ப்பதைவிட இது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அந்த மூக்குக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. போன மாதம் அவள் மோந்து பார்த்து, “நல்லாத்தான் இருக்கு” என்று வீட்டில் பரிமாறிய குழம்பை ஒரு வாய் வைத்ததுமே அவள் புருஷன் துப்பினான். ஊசிப்போயிருந்தது.

“வெளிய சொல்லிடாத” என்றான். அதே கொட்டகையில் குழாய் சொருகும் வேலை அவனுக்கு. “மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. ரெண்டு பேரும் வேலை பாத்தாத்தான் கம்பெனி வீடு. பிள்ளைங்களைக் கூட்டிட்டு எங்க போறது?”

“நீங்கதானே எனக்கு அடுத்து உள்ள வர்றீங்க. உங்களுக்கு ஏதாவது ஆனா?”

“நான் பாத்துக்கறேன்.”

கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பார்த்துக்கொள்வான்? சொன்னால் வீடு போகும், சொல்லாவிட்டால் ஆள் போகும். தினமும் உள்ளே நின்று மூச்சை இழுப்பாள். வால்வுக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று கண்ணால் தேடிவிட்டுத் தலையசைப்பாள்.

அன்றும் அப்படித்தான் தலையசைத்தாள். ஈரம் டிரம் அடுக்குக்குப் பின்னால் இருந்தது.

டிரம் தள்ளுகிற நெட்டையன், எல்லாருக்கும் அவன் ‘ஒட்டகம்’, அதில்தான் நின்றிருக்கிறான். “தலை கிர்ருங்குது” என்றான், சுவரைப் பிடித்தான், சரிந்தான். அவள் புருஷனும், தொட்டியின் வால்வைத் திறந்து மூடுகிற வால்வுக்காரரும் அவனை வெளியே இழுத்துவந்தார்கள். தோல் ஷூ ஊறிப்போயிருந்தது. அதைக் கழற்றி எறிந்து, துணியை உருவி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போது மூச்சு இருந்தது.

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “எனக்கு வாசனையே தெரியலை. ஒரு மாசமாத் தெரியலை. பொய் சொல்லித்தான் உங்களை உள்ள விட்டேன்” என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

“அடிப்பாவி!” என்றாள் டிரம்முக்கு மூடி இறுக்குகிறவள். “எங்க உயிரை வெச்சா உன் வீட்டைக் காப்பாத்திக்கிட்ட?”

வால்வுக்காரர் குறுக்கிட்டார். “அவளை ஏன் திட்டறே? எனக்கு மூக்கு போய் எவ்வளவோ காலமாச்சு. உனக்கு மட்டும் தெரியுதா, சொல்லு பாப்போம். தெரியாததாலதானே நாம எல்லாரும் அவளை முன்னாடி தள்ளிட்டுப் பின்னாடி நின்னோம்?”

மூடி இறுக்குகிறவள், அழுகிறவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

முதலாளியின் கார் வந்தது. விசாரிப்பதற்குள்ளாகவே அவருக்குத் தீர்ப்பு தயாராக இருந்தது.

“இவதானே சரின்னு சொன்னா? இன்னியோட இவ வேலைக்கு வர வேண்டாம். கசிஞ்சது இன்னும் உள்ளதான் கிடக்கு, ஒவ்வொருத்தரா கொட்டகை வாசல்ல நின்னு மோந்து பாருங்க. வாசனை தெரியற ஆளுக்கு இவ வேலை, இவ வீடு.”

“பெட்டியைச் சரி பண்ணுங்களேன் முதலாளி” என்றான் அவள் புருஷன்.

“யோசனை சொல்லவா உன்னை வெச்சிருக்கேன்? போ, மோந்து பாரு.”

போனான், வந்தான். “ஒண்ணும் தெரியலைங்க.”

வால்வுக்காரர் போனார். “நமக்கு ஜலதோஷம் முதலாளி. பொறந்ததுலேருந்தே.”

யாரோ சிரித்தார்கள். மூடி இறுக்குகிறவளும் போய்வந்து, தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் போன வாரம் சேர்ந்த புதுப்பெண் மிஞ்சினாள். அவளுடைய மூக்குக்கு இன்னும் ஒரு கெடுதலும் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். குடியிருக்கும் அறையைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரன் கழுத்தை நெரிப்பதும் தெரியும். வாசலில் அவள் நின்ற நேரம் முழுக்க ஒருவரும் மூச்சு விடவில்லை. திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் நீர்.

“தெரியலைங்க.”

“தெரியாமலா கண்ல தண்ணி கொட்டுது?”

“அந்த அண்ணனை நெனச்சு அழுறேங்க.”

முதலாளிக்கு முகம் சிவந்தது. “நாளைக்கே வெளியாள் கொண்டாந்து எறக்கறேன். வீட்டைக் காலி பண்ண எல்லாரும் மூட்டை கட்டி வையுங்க” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வெறும் வாய்ப்பேச்சல்ல, செய்யக்கூடியவர்தான்.

பெட்டி வேலை செய்யும்வரை, பூட்ஸ் வரும்வரை, ‘மூக்கு’ திரும்ப வேலையில் சேரும்வரை உள்ளே போவதில்லை என்று வால்வுக்காரர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. கொட்டகைக் காற்று தங்கள் பக்கம் வராத இடமாகப் பார்த்து, வெளிவாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்தார்கள். ‘மூக்கு’ எனப்பட்டவளுக்குப் பயம் போகவில்லை. ஆனாலும் அதை மறைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

“நெஜமாவே உனக்குத் தெரியலையாம்மா?” என்று புதுப்பெண்ணிடம் மெல்லக் கேட்டாள்.

“குடலைப் பொரட்டிடுச்சுக்கா. எப்படிக்கா தெனமும் இதுக்குள்ள போனீங்க?”

அடுத்த ஷிப்டு ஆட்கள் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் உட்கார இடம் விட்டு எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.